ஓசார்க் காட்டில் வான்கோழி வேட்டை: கற்க வேண்டிய வரிசை

எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்கென்று வான்கோழி வளர்ப்பார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். பிள்ளைகள் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து சீட்டி அடித்தால் முற்றத்துச் சேவல் வாலை விசிறி போல விரித்து, கழுத்தை நீட்டி, 'கொளகொளகொள' என்று பதில் சொல்லும். பத்துத் தடவை அடித்தால் பத்துத் தடவையும் சொல்லும். உலகத்திலேயே ஏமாளிப் பறவை இதுதான் என்ற முடிவோடுதான் அமெரிக்கா வந்தேன்.

வந்து சேர்ந்தது மிசௌரி மாநிலத்தின் தென்கோடி, ஓசார்க் மலைப்பகுதி. மருந்துக்கடையில் வேலை. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒரு ஏப்ரல் மாதம் கடைக்கு வந்தபோது, "காட்டு வான்கோழி பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். பாட்டி வீட்டுச் சேவலைப் பற்றிச் சொன்னேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த வசந்தத்தில் அவரோடு ஒன்பது விடியல் காட்டில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டேன். ஒரு இறகைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பதினெட்டு வசந்தம் போய்விட்டது. இப்போது நம்மவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வேட்டை கற்றுக்கொள்ள வருகிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டியது. பெரியவரின் அப்பா, பெரியவர், அவர் மகன், என் மகள் என்று நான்கு தலைமுறை வேட்டையைக் கேட்டும் பார்த்தும் இருக்கிறேன். ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சேர்த்தது. அவை வந்த வரிசையிலேயே நீங்களும் கற்க வேண்டும் என்பது என் கட்சி: காது, கூப்பிடும் கருவி, உடை, அப்புறம்தான் துப்பாக்கி. கடைக்கு நேராகப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் காகிதம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மிசௌரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 16 வயதுக்கு மேல் என்றால் முழுவதையும் இணையத்திலேயே படித்துத் தேர்வு எழுதலாம். அப்புறம் வசந்தகால வான்கோழி வேட்டைக்கான அனுமதிச்சீட்டு.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்கவும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறைப்படி வாங்கிய வேட்டை அனுமதிச்சீட்டு கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. அந்தச் சீட்டு இல்லாமல் நண்பனின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதுகூட வம்பு. கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், என்னிடம் வேண்டாம்.

சீசன் ஏப்ரல் மூன்றாவது வாரத்தையொட்டி ஒரு திங்கட்கிழமை தொடங்கி 21 நாள் நடக்கும். மொத்தம் இரண்டு பறவை, அதிலும் முதல் வாரத்தில் ஒன்றுதான். சேவலாக இருக்க வேண்டும், அல்லது மார்பில் தாடி, அதாவது முடி மாதிரி இறகுக் கற்றை, தொங்க வேண்டும். சில பெட்டைகளுக்கும் தாடி முளைக்கும். சட்டப்படி அவற்றைச் சுடலாம். நான் சுடமாட்டேன், நீங்களும் சுடாதீர்கள். முட்டையிடுகிற பறவை அது. தீனி தூவி வரவழைப்பது, ஒலிப்பதிவைப் போட்டுக் கூப்பிடுவது இரண்டும் குற்றம். விதிகள் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். அந்த வருஷத்துச் சிறு புத்தகத்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள், வாங்கிப் படியுங்கள்.

பெரியவரின் அப்பா காலம்

இந்த விதிகள் ஏன் இவ்வளவு என்பது புரிய வேண்டுமானால் பெரியவரின் அப்பாவிடம் போக வேண்டும். அவர் இளைஞராக இருந்தபோது வேட்டை எப்படி நடந்தது? தரையில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டி, சோளம் போடுவார்கள். பறவைகள் வரிசையாக நின்று தலையைக் குனிந்து தின்னும்போது வாய்க்காலின் ஒரு முனையிலிருந்து ஒரே வெடி. இல்லாவிட்டால் நிலா வெளிச்சத்தில் மரத்தில் உறங்குவதைச் சுடுவது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஞ்சகாலத்தில் அது சாப்பாடு. ஆனால் மரமெல்லாம் வெட்டுப்பட்டு, காட்டில் பன்றியும் மாடும் மேய்ந்து, வருஷா வருஷம் தீயும் வைத்தபின் இந்த வேட்டையும் சேர்ந்தது. 1937-இல் மிசௌரி வான்கோழி வேட்டையையே மூடியது. 1950-களின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க எஞ்சியவை 2,500-க்கும் குறைவு.

பண்ணையில் பொரித்த, வீட்டு இனம் கலந்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தங்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தவர் ஏ. ஸ்டார்க்கர் லியோபோல்ட், இதே ஓசார்க்கில் வேலை செய்து 1944-இல் எழுதினார். காட்டுப் பறவையின் மூளையும் சில சுரப்பிகளும் வீட்டுக் கலப்புப் பறவையுடையதைவிடப் பெரியவை. ஆபத்து வந்தால் காட்டுக் குஞ்சு சிதறி ஓடி அசையாமல் பதுங்கும். கலப்புக் குஞ்சுக்கு அந்த உள்ளுணர்வு மங்கிவிட்டது. இதைப் படித்த அன்றுதான் பாட்டி வீட்டுச் சேவல் ஏன் எல்லாச் சீட்டிக்கும் பதில் சொன்னது என்று எனக்கு விளங்கியது.

அப்புறம் காட்டுப் பறவைகளையே பிடித்து இடம் மாற்றினார்கள். வெடிமருந்தால் பறக்கும் வலை ஒன்று உண்டு. கூட்டம் இரை தின்னும்போது சட்டென்று மேலே விரிந்து மூடும். 1954-இல் எங்கள் ஊருக்கு வடகிழக்கே இருக்கும் பெக் ராஞ்ச் காட்டில் தொடங்கி, கால் நூற்றாண்டில் சுமார் 2,600 பறவைகளை மாநிலமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பணம், துப்பாக்கி தோட்டா விற்பனையில் பிடித்து, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கும் கூட்டரசு வரியிலிருந்தும் வேட்டைக்காரர்களின் அனுமதிக் கட்டணத்திலிருந்தும் வந்தது. 1960 வசந்தத்தில் 14 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும், மூன்று நாள் வேட்டை திறந்தார்கள். மொத்தம் விழுந்தது 94 பறவை. பெரியவருக்கு அப்போது 17 வயது. மூன்று நாளும் போய், மூன்று நாளும் வெறுங்கையோடு வந்தாராம்.

வசந்தத்தில் சேவல் மட்டும் என்ற விதிக்குக் காரணம் எளியது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். பெட்டைகள் அடைகாக்கத் தொடங்கும் சமயத்தில் சில சேவல்கள் குறைந்தால் குஞ்சுகளின் எண்ணிக்கை பாதிக்காது. ஆக, வேட்டையே மாறிப்போனது. முன்பு தீனி வைத்து வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். இப்போது பெட்டை மாதிரிக் கூப்பிட்டுச் சேவலை வரவழைக்க வேண்டும்.

காது

இயற்கையில் சேவல் மரத்தில் நின்று கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறானது: சேவல் பெட்டையைத் தேடி வர வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டால் பாதி வேட்டை கற்றமாதிரி. ஆகவே அது எங்கே உறங்குகிறது, விடிந்ததும் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்து, அது எப்படியும் போகப்போகிற வழியில் உட்கார வேண்டும். போக விருப்பமில்லாத பக்கம் எந்தக் கருவியாலும் கூப்பிட முடியாது.

மார்ச் நடுவிலேயே தொடங்குங்கள். விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மேட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தி, கதவை அறையாமல் சாத்தி, சும்மா நில்லுங்கள். கிழக்கு வெளுக்கும்போது ஆந்தை அலறினால் சேவலுக்குப் பொறுக்காது, உடனே பதிலுக்குக் கொளகொளக்கும். ஆந்தை அலறாவிட்டால் நீங்கள் அலறுங்கள். இங்குள்ள பட்டை ஆந்தையின் தாளம் 'ஊ ஊ உஊ... ஊ ஊ உஊ-ஆ'. கையைக் குவித்து வாயாலேயே செய்யலாம். பெரியவர் செய்தால் நிஜ ஆந்தையே பதில் சொல்லும். நான் செய்தால் அவர் வீட்டு நாய் சொல்லும். பரவாயில்லை, சேவல் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. காக்கைச் சத்தத்துக்கும் இடி முழக்கத்துக்கும்கூட கொளகொளத்துவிடும்.

ஆனால் சீசனுக்கு முன் பெட்டைக் குரலில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு தடவை ஏமாந்து வந்து பெட்டையைக் காணாத சேவல் அடுத்த தடவை யோசிக்கும்.

பகலில் தடம் பாருங்கள். எச்சமே ஆணா பெண்ணா என்று சொல்லும்: சேவலுடையது 'ட' எழுதினமாதிரி வளைந்து நீளமாக இருக்கும், பெட்டையுடையது சுருண்டு குவிந்திருக்கும். சருகை ஆங்கில 'V' வடிவத்தில் கிளறிப்போட்டிருந்தால் கூட்டம் மேய்ந்த இடம். மண்பாதையில் கால் தடத்துக்கு இருபுறமும் மெல்லிய கோடுகள் இழுபட்டிருந்தால், சேவல் இறக்கையைத் தரையில் உரசி ஆடிய இடம். அந்த மாதிரி இடம் ஒன்று கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் கூடுதல்.

சாயங்காலமும் ஒரு தடவை போங்கள். பொழுது சாய்ந்ததும் கனத்த பறவைகள் மரமேறும் சத்தம், ஈரத்துணியை உதறினமாதிரி, கால் மைல் தள்ளிக் கேட்கும்.

என் மகள் இதையெல்லாம் கைப்பேசி வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்கிறாள். எல்லை வேலி எது, அடுத்தவர் நிலம் எது, இறக்கம் எந்தப் பக்கம் என்று எல்லாம் தெரிகிறது. நல்லதுதான், பெரியவர் காலத்தில் அத்துமீறி நுழைந்து சண்டை வந்த கதைகள் ஏராளம். ஆனால் வரைபடத்தைப் பார்த்தபடி நடக்கிறவள் சேவல் கூவியதைக் கேட்கவில்லை என்பதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் போனதும் கைப்பேசி பையில். அதிர்வையும் அணைத்துவிட வேண்டும். நாற்பது கஜத்தில் வந்துகொண்டிருந்த ஒரு சேவலை என் சட்டைப் பை அதிர்வு திருப்பி அனுப்பியது. கார் காப்பீட்டு விளம்பரம்.

கூப்பிடும் கருவி

பெட்டையின் பேச்சில் நான்கு சத்தம் போதும். 'யெல்ப்': கியோக், கியோக், கியோக் என்று ஐந்தாறு தடவை, தாளத்தோடு, நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். 'கிளக்': ஒற்றை 'க்ளொக்', கிட்டத்தில் பேசுவது. 'பர்': பூனை உறுமினமாதிரி மெல்லிய சத்தம், நிம்மதியாக மேய்கிறேன். நான்காவது 'பட்'. இது கூர்மையான ஒற்றை வெட்டு, ஆபத்து என்று அர்த்தம். இதைச் செய்யக் கற்க வேண்டாம், தவறிச் செய்யாமல் இருக்கக் கற்க வேண்டும். கிளக்கைப் பதற்றத்தில் அழுத்தினால் பட் ஆகிவிடும்.

பெரியவரின் அப்பாவிடம் இருந்தது இறக்கை எலும்புக் குழல். பெட்டையின் இறக்கையில் உள்ள மூன்று எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டியது. ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். உதட்டைச் சின்ன முத்தம் போலக் குவித்து உறிஞ்சினால் 'கியோக்'. இந்தக் கண்டத்தின் பூர்வகுடிகளிடமிருந்து வந்த கருவி. கற்க ஒரு வருஷம் ஆகும், ஆகவே தொடக்கத்தில் வேண்டாம்.

நீங்கள் தொடங்க வேண்டியது பெட்டிக் கருவியில். ஆர்க்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மெல்லிய மரப்பெட்டி, மேலே துடுப்பு மாதிரி ஒரு மூடி, ஒரு முனையில் திருகு. மூடியின் அடிப்பக்கம் சாக்குக்கட்டி தேய்த்து, பெட்டியின் விளிம்பில் உரச வேண்டும். எண்ணெய் கலக்காத சாக்காக இருக்கட்டும். புதியவர்கள் செய்யும் தப்பு இரண்டு. மூடியைத் தூக்கித் தூக்கி வைப்பது ஒன்று, நீளமாக இழுப்பது மற்றொன்று. மூடி விளிம்பைவிட்டு எழவே கூடாது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் நகர்ந்தால் போதும், மணிக்கட்டு மட்டும் வேலை செய்ய வேண்டும். மழையில் நனைந்தால் ஊமையாகிவிடும். பெரியவர் ரொட்டி வாங்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பார், பைக்குள்ளேயே கையை விட்டு வாசிப்பார். நானும் அப்படித்தான்.

அவர் மகன் தலைமுறையில் வாய்க்கருவி பரவியது. குதிரைலாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பர் சவ்வு. மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நாக்கால் லேசாக அழுத்தி, காற்றைத் தள்ளி 'கீ' என்று தொடங்கி தாடையை இறக்கி 'யொக்' என்று முடிக்க வேண்டும். திறந்த பக்கம் பல்லை நோக்கி இருக்க வேண்டும். முதல் வாரம் குமட்டும். இதன் பெரிய லாபம், இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கலாம். சேவல் கண்ணெதிரே நிற்கும்போது அசையாமலே 'பர்' சொல்லலாம். நான் காரில் வேலைக்குப் போகும்போது பழகினேன், என் கணவர் அந்த இரண்டு மாதம் தனிக் காரில் போனார். மகள் காணொளி பார்த்து பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே கூப்பிடுகிறாள்.

ஆனால் அளவுக்கு மேல் கூப்பிடுகிறாள். காணொளிகளில் ஓயாமல் கூப்பிட்டு, எதிரில் சேவல்கள் ஓடி வருவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. காணொளியில் வெட்டி எறிந்த நான்கு மணி நேர மௌனம் அவர்களுக்குத் தெரியாது. பெரியவரின் கணக்கு இது: சேவல் மரத்தில் இருக்கும்போது மூன்று மெல்லிய யெல்ப். இறங்கியதும் ஒரு தடவை. அது பதில் சொன்னால் வாயை மூடு. உன் இருப்பிடம் அதற்கு அடி பிசகாமல் தெரியும். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்று கூவிக்கொண்டே இருந்தால் பெட்டையை எதிர்பார்த்து நிற்கிறது. அப்போதும் கூப்பிடாமல், சருகைக் கையால் கிளறு. மேய்கிற சத்தம். கூவல் நின்றுபோனால் எழுந்திருக்காதே. அரை மணி நேரம் உட்கார். பாதி நேரம் அது சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

முதல் வருஷம் ஒன்பது விடியலில் நான் இழந்த சேவல்களில் நான்கையாவது எழுந்து நின்றதால் இழந்தேன்.

உடை, மரம், உண்ணி

வான்கோழிக்கு மோப்பம் கிடையாது என்றே சொல்லலாம். கண் பயங்கரம். வண்ணம் தெரியும், தலையைச் சற்றுத் திருப்பினால் முழு வட்டமும் தெரியும். பெரியவர் பழைய காக்கிச் சட்டையிலும் பழுப்புக் கோட்டிலும் போய்த்தான் பல வருஷம் வேட்டையாடினார். வேட்டைக்காரர்களுக்கென்றே மரப்பட்டை, இலை அச்சிட்ட துணிகள் கடைக்கு வந்தது 1980-களில். மோஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டும் 1986-இல் தொடங்கியவை. அந்த உடை நல்லது, வாங்குங்கள். கை உறையும் முகத்திரையும் அதைவிட முக்கியம். அசைவது கையும் முகமும்தான். நம் நிறத்துக்கு முகத்திரை வேண்டாமே என்று ஒருவர் கேட்டார். நிறம் மறையலாம், வியர்வையில் நெற்றி மினுங்குமே!

உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் எங்கும் தெரியக்கூடாது, காலுறை, கைக்குட்டைகூட. கிளர்ந்த சேவலின் தலை அந்த மூன்று நிறம்தான். வேறொரு வேட்டைக்காரரின் கண்ணுக்கு நீங்கள் தலையாகத் தெரியக்கூடாது. உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து வரும் துப்பாக்கி ரவையை மரம் தாங்கும். வேறு யாரும் தென்பட்டால் கையை ஆட்டாதீர்கள், பெட்டைக் குரலும் கொடுக்காதீர்கள். மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள். பொதுக்காட்டில் ஒரு தடவை நான் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அறுபது கஜத்தில் ஒருவர் மண்டியிட்டுத் தவழ்ந்து வந்தார். என் யெல்ப்பை வைத்து என்னை நோக்கித்தான். "இங்கே ஆள் இருக்கிறேன்!" என்று கத்தினேன். முதலில் வந்தது தமிழில், அப்புறம்தான் ஆங்கிலம். இருவருக்கும் அன்றைக்கு வேட்டை முடிந்தது. கூவல் கேட்கிற திசையில் பதுங்கிப் போவது என்ற வேலையே வேண்டாம். உட்கார்ந்து வரவழைக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போங்கள்.

உண்ணி பற்றி மருந்துக்கடைக்காரியாகச் சொல்கிறேன். ஓசார்க்கில் முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த லோன் ஸ்டார் உண்ணி எக்கச்சக்கம். அது கடித்துச் சிலருக்கு ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை வரும்: ஆடு, மாடு, பன்றிக் கறி சாப்பிட்டால் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். மட்டன் பிரியாணிக்கு ஆயுசுக்கும் விடை கொடுக்க வேண்டி வரலாம். பறவைக் கறிக்கு ஒன்றும் செய்யாது என்பது ஒரு கேலியான ஆறுதல். பெர்மெத்ரின் மருந்தை உடையில் தெளித்து, முழுக்கக் காயவைத்துப் போடுங்கள்; தோலில் தடவக் கூடாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாம் தேடுங்கள்.

பார்வைப் பறவை

பழக்கிய பறவையையோ விலங்கையோ காட்டி அதன் இனத்தை இழுப்பதற்குத் தமிழில் 'பார்வை' என்றே பழைய சொல் உண்டு. இங்கே அது ரப்பர், பிளாஸ்டிக் பொம்மையாக வருகிறது. பெரியவர் தொட்டதில்லை. மகன் ஒரு பெட்டைப் பொம்மை வைப்பார். இப்போது வால் விரித்த சேவல் பொம்மை, விடலைச் சேவல் பொம்மை எல்லாம் உண்டு; தன் இடத்தில் இன்னொரு ஆண் நிற்கிறான் என்று பெரிய சேவல் சண்டைக்கே ஓடி வரும். அலபாமா மாநிலம் 2022-இல் சீசனின் முதல் பத்து நாள் பொம்மையையே தடைசெய்தது. அந்த அளவுக்கு வேலை செய்யும்.

திறந்த வயலில் ஒற்றைப் பெட்டைப் பொம்மை போதும், இருபது கஜத்தில். காட்டுக்குள் வேண்டாம், பார்த்துவிட்ட சேவல் தூரத்திலேயே நின்று பொம்மை தன்னிடம் வரும் என்று காத்திருக்கும், பார்க்காத சேவல்தான் தேடி வரும். பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பைக்குள் மூடி வையுங்கள். வால் விசிறியைக் கையில் பிடித்து அதன் பின்னால் தவழ்ந்து போகும் முறை ஒன்று காணொளிகளில் ஓடுகிறது. நான் கற்றுக்கொடுக்கும் யாரும் அதைச் செய்யக்கூடாது. வேட்டை நடக்கும் காட்டில் சேவல் வேஷம் போட்டு நடமாடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

துப்பாக்கியும் தூரமும்

கடைசியில் வந்துவிட்டோம். பெரியவரிடம் இருப்பது வின்செஸ்டர் மாடல் 12, அவர் அப்பா வாங்கியது. ஈய ரவைத் தோட்டா. முப்பது கஜத்துக்குள் வராவிட்டால் சுடமாட்டார். மகன் தலைமுறைக்கு மூன்றரை அங்குல மேக்னம் தோட்டா வந்தது. தோள் நீலம் பாரிக்கும். நான் ஒரே ஒரு தடவை சுட்டுப்பார்த்து, அடுத்த நாள் மாத்திரை டப்பாவை இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். இப்போது டங்ஸ்டன் ரவை. ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால் கடுகளவு ஒன்பதாம் எண் ரவையே போதும், ஒரு தோட்டாவில் அவ்வளவு அதிகம் அடைக்கலாம். பையன்களின் விளையாட்டுத் துப்பாக்கி என்று ஒதுக்கிய சின்ன நான்கு-பத்து (.410) துப்பாக்கிகூட வான்கோழிக்குப் போதுமானதாகிவிட்டது. தோட்டா விலை அதிகம். ஆனால் உதை குறைவு. என் மகள் 12 வயதில் சிறுவர் வாரக்கடைசியில் முதல் சேவலை எடுத்தது அதில்தான். புதிதாக வரும் பெண்களுக்கும் சிறு உடம்புக்காரர்களுக்கும் நான் அதையே சொல்கிறேன். இதில் பழங்காலப் பெருமை பேச மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அறுபது கஜத்திலும் அடிக்கலாம் என்று டப்பாவில் எழுதாத குறையாக விற்கிறார்கள். அறுபது கஜம் என்று நீங்கள் நினைப்பது எண்பதாக இருக்கும். காயம்பட்ட பறவை ஓடிப்போய் எங்கோ சாகும். முதலில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். பத்து அங்குல வட்டம் வரைந்து, நாற்பது கஜத்தில் ஒரு தோட்டா. வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழ வேண்டும். விழாவிட்டால் முப்பதுக்கு வாருங்கள். உங்கள் தூரம் அதுதான். காட்டில் உட்கார்ந்ததும் அந்தத் தூரத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேவல் அதைத் தாண்டி வரட்டும். குறி உடம்பில் அல்ல, தலையும் கழுத்தும் சேருமிடத்தில். வாலை விரித்து ஆடும்போது கழுத்து மடங்கியிருக்கும். ஒரு 'கிளக்' சொன்னால் தலையை நீட்டும்.

விழுந்தபின்

துப்பாக்கியைப் பூட்டி, நடந்து போங்கள், ஓடாதீர்கள். சேவலின் காலில் முள் கூராக இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். முள் அரை அங்குலத்துக்குள் என்றால் விடலை. ஓர் அங்குலத்தை எட்டினால் இரண்டு மூன்று வயதாவது இருக்கும். அனுமதிச்சீட்டில் தேதியை உடனே வெட்டிக் குறிக்க வேண்டும். அன்று இரவு 10 மணிக்குள் கைப்பேசியிலோ இணையத்திலோ பதிவு. பெரியவருக்கு இது ஒன்றுதான் பிடிக்காது. முன்பெல்லாம் பறவையை வண்டியின் பின்பக்கம் போட்டுக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போவார்களாம். தூண்டில் புழு விற்கும் கடை, பெட்ரோல் பங்க், இப்படி. யார் எங்கே எடுத்தார், யார் பொய் சொல்கிறார் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். இப்போது அவர் பொய்யை நான் ஒருத்திதான் கேட்கிறேன்.

கறிக்கு வருவோம். இன்று பலரும் மார்புக்கறியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மீதியைக் காட்டில் எறிந்துவிடுகிறார்கள். மிசௌரியில் சாப்பிடக்கூடிய கறியை வீணாக எறிவது சட்டப்படியே தப்பு. பாட்டி செய்ததுதான் சரி: கொதிக்குமுன் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, தோலோடு வாட்டுவது. மார்பை மெல்லிசாக வெட்டி மிளகு, சோம்பு, தேங்காய்ப்பல் போட்டு வறுக்கலாம். அதிகம் வேகவிட்டால் சக்கை. தொடையும் காலும் வேறு சாதி. இரண்டு வருஷம் மலையேறிய கால், உள்ளே நரம்பு குச்சி குச்சியாக இருக்கும். குக்கரில் உப்பு, மஞ்சள், இஞ்சி போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்து, நரம்பை உருவி எறிந்துவிட்டு, கறியைப் பிய்த்து, வறுத்தரைத்த மசாலாவில் குழம்பு. பெரியவர் முதல் தடவை சாப்பிட்டபோது மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். இப்போது கால் இரண்டையும் அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்போது வரட்டும் என்று கேட்கிறார்.

இறக்கையை எறியாதீர்கள். சேவல் எலும்பில் குழல் செய்தால் குரல் கட்டையாக வரும், பெட்டை எலும்புதான் உத்தமம். பெட்டையையும் எடுக்க அனுமதி உள்ள இலையுதிர்கால சீசனில் அது கிடைக்கும். பழகுவதற்குச் சேவலே போதும். எலும்பைச் சதை நீங்க வேகவைத்து, இரு முனையையும் ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி எடுத்து, ஒரு வாரம் நிழலில் காயவைக்க வேண்டும். போன வருஷத்துச் சேவலில் மகள் ஒன்று செய்தாள். மூன்று மாதமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சளி பிடித்த வாத்து மாதிரித்தான் வருகிறது.